இதய அப்லேஷன்: ஒன்றரை வருஷம் கழித்து

நான் காரைக்காலில் பிறந்தவள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேந்த்-ஆந்த்ரே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 34 வருஷம் ஆகிறது. வயது 63. மூன்று வருஷமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, இருந்தது. நடுராத்திரியில் நெஞ்சுக்குள் கோழி சிறகடிக்கிற மாதிரி எழுப்பிவிடும். மணிக்கட்டில் விரல் வைத்தால் இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வரும், அடுத்தது காணாமல் போகும். மாத்திரை மாற்றிப் பார்த்தும் அடங்காததால், போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில் அப்லேஷன் செய்துகொண்டேன்.

நெஞ்சைத் திறக்க மாட்டார்கள். தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் நாளங்களின் வாயிலிருந்துதான் பெரும்பாலும் தாறுமாறான மின்துடிப்பு கிளம்புகிறது. இதை 1998-ல் எழுதிக் காட்டியது பிரான்ஸில் பொர்தோ நகரத்து இதய மருத்துவர் மிஷேல் ஹைசகேரின் குழு. அந்த வாய்களைச் சுற்றிச் சூடு வைத்தோ உறைய வைத்தோ வடுவாக்கி, துடிப்பு தாண்டி வராமல் அடைக்கிறார்கள். எனக்குச் சூடுதான். மயக்கத்தில் இருந்ததால் அந்த மூன்று மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. விழித்தபின் காலை மடக்காமல் ஐந்து மணி நேரம் மல்லாந்து கிடந்ததுதான் கஷ்டம். இடுப்பு விட்டுப்போயிற்று. மறுநாள் வீடு. தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலம் ரத்தக்கட்டு, மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் ஆனது. மூச்சை இழுத்துவிட்டால் நாலைந்து நாள் நெஞ்சு குத்தியது.

எனக்கு யாரும் சரியாகச் சொல்லாத விஷயம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. "ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடுவீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி அதே சிறகடிப்பு, ஆறு மணி நேரம். எல்லாம் வீண் என்று என் வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து அழுதேன். மறுநாள் மருத்துவமனை நர்ஸம்மாதான் போனில் விளக்கினார்: சூடுபட்ட தசை புண்ணாக இருக்கிறது, ஆறி வடுவாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை வரும் படபடப்பை வைத்துப் பலித்ததா இல்லையா என்று முடிவு கட்டக் கூடாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ராத்திரியை நான் அப்படிக் கழித்திருக்க மாட்டேன். ஓய்வில் 62 இருந்த நாடித்துடிப்பு 75-க்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே நின்றது. அதுவும் பலருக்கு வருவதுதானாம்.

ஆனால் ஒன்றை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கை கால் பேச்சு தடுமாற்றம் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அப்லேஷன் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய் இருக்கிறது, அதில் சூடு பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அரிதுதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அப்லேஷனுக்கு அடுத்து வந்த தைப்பூசத்துக்குக் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பார்த்தேன். அடுத்த வருஷம் பால்குடம் எடுத்தேன். நாலாவது மாதத்துக்குப் பிறகு படபடப்பு ஒரே ஒரு தடவை, இருபது நிமிஷம். சிலருக்கு இரண்டாம் தடவையும் செய்ய வேண்டியிருக்கும், அது எனக்கும் வரலாம்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. படபடப்பு நின்றதை வைத்து அதை நிறுத்த மாட்டார்களாம். வயது, பிரஷர், சர்க்கரை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், எனக்குப் பிரஷர் இருக்கிறது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று.