எக்ஸ்போ கோவும் வேர்ஷன் தலையிடியும்: சொந்தப் போன்களில் நீண்ட நாள் பாவித்த அனுபவம்

ஜாவாஸ்கிரிப்டில் போன் ஆப் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவ் பழகுகிற யாரும் முதலில் போனில் இறக்குவது எக்ஸ்போ கோவைத்தான். லெப்டொப்பில் ப்ரொஜெக்டை ஓட விட்டு, டெர்மினலில் வரும் க்யூஆர் கோடைப் போனால் ஸ்கேன் பண்ணினால் போதும், எழுதிய ஆப் கையில் ஓடும். கேபிள் வேண்டாம், மெக் கம்ப்யூட்டர் வேண்டாம், பில்ட், அதாவது கோடைப் போனில் போடும் ஆப்பாக மாற்றும் வேலை, முடியும் வரை காத்திருக்க வேண்டாம். 2023இல் எஸ்டிகே 49 (எக்ஸ்போ தன் கருவித்தொகுப்பின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இப்படி ஒரு எஸ்டிகே எண் போடும்) வந்த காலத்திலிருந்து நான் இதைப் பாவிக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் சில பேர் சேர்ந்து வேலை செய்கிறோம். பலசரக்குக் கடைக்கு ஓடர் எடுக்கும் ஆப், டியூஷன் வகுப்புக்கு வரவு பதியும் ஆப், இப்படியான வேலைகள்தான். லெப்டொப்பிலேயே போலிப் போனை ஓட்டிக் காட்டும் எமுலேட்டர் பக்கம் நாங்கள் அதிகம் போவதில்லை. எட்டு ஜிபி ரேம் உள்ள லெப்டொப்பில் அதைத் திறந்தால் ஃபேன் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதும் கேட்காது. அதனால் சோதனை எல்லாம் உண்மையான போன்களில்.

அப்படிச் சோதிக்கிறவர்களுக்கு எக்ஸ்போ கோவில் வரும் தலையிடிகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருகிறது: போனில் உள்ள வேர்ஷனும் ப்ரொஜெக்டில் உள்ள வேர்ஷனும் ஒத்துப்போகாமல் இருப்பது. நேற்றுவரை ஓடிய ஆப் இன்று காலை திறக்காது. யாரும் ஒரு வரி கோட் கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஓடர் ஆப் செய்துகொண்டிருந்தோம். இடையிடையே பார்த்துச் சொல்லட்டும் என்று அவருடைய ஐபோனிலும் எக்ஸ்போ கோ போட்டுக் கொடுத்திருந்தோம். நாங்கள் டனலில், அதாவது வெளியிலிருந்தும் இணையம் வழியாகத் திறக்கும்படி, ஓட விட்டு லிங்க் அனுப்புவோம், அவர் திறந்து பார்ப்பார். ஒரு நாள் காலையில் அழைத்தார்.

"தம்பி, நேற்று நல்லாத்தானே இருந்தது? இப்ப திறந்தா இங்கிலிஷில ஏதோ எழுதி வருது."

"அண்ணா, அதை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புங்கோ."

வந்த படத்தில் விஷயம் தெளிவாக இருந்தது. இந்த ப்ரொஜெக்ட் இந்த எக்ஸ்போ கோவோடு பொருந்தாது என்று தலைப்பு. அதற்குக் கீழே இரண்டு வரி: போனில் இருக்கும் எக்ஸ்போ கோ எஸ்டிகே 54க்கானது, திறக்கப் பார்க்கும் ப்ரொஜெக்ட் எஸ்டிகே 53இல் இருக்கிறது. இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், வைஃபையில் ஆப்கள் தானாக அப்டேட் ஆகியிருக்கின்றன. அவ்வளவுதான் நடந்தது.

இந்த எரர் வந்தவுடன் பலர் கேஷை அழிப்பார்கள், லைப்ரரிகள் இருக்கும் நோட் மொடியூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுவார்கள், ரௌட்டரைக்கூட நிறுத்திப் போடுவார்கள். எதுவும் உதவாது. அந்த இரண்டு எண்களையும் பாருங்கள், எது பெரியது என்று மட்டும் பாருங்கள். மிச்சம் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஏன் இப்படி என்றால், எக்ஸ்போ கோ என்பது ஏற்கெனவே பில்ட் பண்ணி முடித்த ஒரு ஆப். கெமரா, லொகேஷன், ஃபைல் முதலியவற்றுக்கான நேட்டிவ் பகுதி, அதாவது போனோடு நேரடியாகப் பேசும் கோட், எல்லாம் அதற்குள் இருக்கிறது. நம் லெப்டொப்பிலிருந்து போவது ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான். அந்த ஜாவாஸ்கிரிப்ட் கூப்பிடுகிற நேட்டிவ் பகுதி அதே எஸ்டிகேயினுடையதாக இருந்தாக வேண்டும். முந்திய காலத்தில் ஒரே எக்ஸ்போ கோ சில எஸ்டிகேக்களைச் சேர்த்துத் தாங்கியது, நாமும் கவலையில்லாமல் இருந்தோம். இப்போது ஒரு எக்ஸ்போ கோவுக்கு ஒரு எஸ்டிகே மட்டும். எஸ்டிகேக்களோ நிற்காமல் வந்துகொண்டே இருக்கின்றன: 2024 ஜனவரியில் 50, மே மாதம் 51, நவம்பரில் 52, 2025 ஏப்ரலில் 53, செப்டெம்பரில் 54. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிச் செய்யும் ஒரு ஆப் சராசரியாக ஆறு மாதம் இழுபடும். ஆகவே வேலை நடக்கும்போதே ஸ்டோரில் உள்ளது ஒரு தடவையாவது நம்மைத் தாண்டிப் போகும். இதை எதிர்பார்த்தே திட்டம் போட வேண்டும்.

ப்ரொஜெக்ட் எண் பெரிதாகவும் போன் எண் சிறிதாகவும் இருந்தால் ஒன்றும் யோசிக்க வேண்டாம், ஸ்டோரில் போய் அப்டேட் பண்ணுங்கள். சிக்கல் மறுபக்கம்தான்.

அண்ட்ரொய்டில் அதற்கும் வழி உண்டு. எக்ஸ்போவின் இணையதளத்தில் ஒவ்வொரு எஸ்டிகேக்கும் உரிய எக்ஸ்போ கோ ஏபிகே (அண்ட்ரொய்ட் ஆப்பை நேரடியாகப் போடும் ஃபைல்) கிடைக்கிறது. போனில் இருப்பதை அழித்துவிட்டு அதைப் போட்டால் சரி. இன்னும் சுகமான வழி, போனை யூஎஸ்பியில் மாட்டி டெவலப்பர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்துவிட்டு, டெர்மினலில் ஏ என்ற எழுத்தை அழுத்துவது. போனில் உள்ளது பொருந்தாவிட்டால் பொருந்துகிறதைப் போடட்டுமா என்று அதுவே கேட்கும். அப்புறம் ப்ளே ஸ்டோரில் எக்ஸ்போ கோ பக்கத்துக்குப் போய், மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, தானாக அப்டேட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். இது அந்த ஆப்புக்கு மட்டும்தான், மற்ற ஆப்கள் வழமைபோல அப்டேட் ஆகும். எங்கள் சோதனைப் போன்களின் முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த எஸ்டிகே என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம். 52 என்று எழுதிய போனை யாராவது எடுத்து 54 ப்ரொஜெக்டை ஸ்கேன் பண்ணினால், பக்கத்தில் இருப்பவர் டேப்பைக் காட்டினால் போதும்.

ஐபோனில் இந்த விளையாட்டு ஒன்றும் நடக்காது. உண்மையான ஐபோனில் ஆப் ஸ்டோரில் எது இருக்கிறதோ அதுதான், பழைய எக்ஸ்போ கோவை எடுத்துப் போட வழியில்லை. மெக் வைத்திருப்பவர்கள் அதில் ஓடும் போலி ஐபோனான சிமுலேட்டரில் பழையதைப் போடலாம், போனில் முடியாது. தானாக அப்டேட் ஆவதை நிறுத்தலாம் என்றால் அதுவும் எல்லா ஆப்புக்கும் சேர்த்துத்தான் நிறுத்தலாம், ஒரு ஆப்புக்கு மட்டும் முடியாது. சோதனைக்கென்றே ஒதுக்கிய ஐபோனில் அதை நிறுத்தி வைத்திருக்கிறோம். கடைக்காரரின் சொந்தப் போனில் போய் எப்படி நிறுத்தச் சொல்வது?

ஆகவே ஐபோன் என்றால் இரண்டே வழி. ஒன்று, ப்ரொஜெக்டை மேலே கொண்டுபோவது. மற்றது, எக்ஸ்போ கோவை விட்டுவிட்டு டெவலப்மென்ட் பில்ட் செய்வது.

மேலே கொண்டுபோவதைப் பற்றி முதலில். இரண்டு மூன்று எஸ்டிகே ஒரேயடியாகத் தாண்ட வேண்டாம், ஒவ்வொன்றாக ஏறுங்கள். ப்ரொஜெக்டில் உள்ள எக்ஸ்போ பெக்கேஜை (லைப்ரரியை) அடுத்த எஸ்டிகேக்கு மாற்றிய பிறகு, எக்ஸ்போ இன்ஸ்டால் கட்டளையை ஃபிக்ஸ் சேர்த்து ஓட்டினால் மற்றப் பெக்கேஜ்கள் எல்லாவற்றையும் அந்த எஸ்டிகேக்குப் பொருத்தமான எண்ணுக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு ப்ரொஜெக்டைச் சோதிக்கும் எக்ஸ்போ டொக்டரை ஓட்டிப் பாருங்கள், மிச்சம் மீதி இருந்தால் அது பெயர் சொல்லிக் காட்டும். இந்த இரண்டையும் நான் மனமார மெச்சுகிறேன். முன்பு ரியாக்ட் நேட்டிவைக் கையால் மேலேற்றியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் இந்த ஒழுங்கைக் கெடுப்பது நம் கைப்பழக்கம். லைப்ரரி தேவைப்பட்டால் உடனே ஜாவாஸ்கிரிப்டின் பொதுவான கட்டளையான என்பிஎம் இன்ஸ்டால் என்று அடித்துவிடுகிறோம். அது இருப்பதில் புதியதை எடுத்து வைக்கும், உங்கள் எஸ்டிகே எது என்று அதற்குக் கவலையில்லை. ரியாக்ட் நேட்டிவுக்கு அடிப்படையான ரியாக்ட் லைப்ரரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டிகே 53 வருவது ரியாக்ட் நேட்டிவ் 0.79, ரியாக்ட் 19.0 இரண்டோடும். யாராவது ரியாக்டை மட்டும் 19.1க்கு ஏற்றிவிட்டால் போனில் சிவப்புத் திரைதான், ரியாக்டும் திரையில் வரைந்து காட்டும் ரெண்டரரும் புள்ளி பிசகாமல் ஒரே வேர்ஷனாக இருக்க வேண்டும் என்று சொல்லும். 19.1 வேண்டுமென்றால் எஸ்டிகே 54க்குப் போக வேண்டும், அது ரியாக்ட் நேட்டிவ் 0.81ஓடு வருகிறது. எக்ஸ்போ இன்ஸ்டால் என்று அடித்திருந்தால் இது வந்திருக்காது. எங்கள் அறையில் இது இப்போது சட்டம். எந்த லைப்ரரி எந்த வேர்ஷன் என்று பதிந்துவைக்கும் லொக் ஃபைலை, கோடைப் பகிர்ந்துகொள்ளும் கிட்டில் சேர்க்காமல் விடுவதும் குற்றம், ஏனென்றால் இருவர் லெப்டொப்பில் இரண்டு விதமாக இன்ஸ்டால் ஆனால் போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி டெவலப்மென்ட் பில்ட். பெயரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்போ கோ பொதுவான ஆடை என்றால் இது உங்கள் ப்ரொஜெக்டுக்கு அளவெடுத்துத் தைத்தது. எக்ஸ்போ டெவ் கிளையன்ட் என்ற லைப்ரரியைச் சேர்த்து ஒரு தடவை பில்ட் பண்ணினால், உங்கள் ஆப்பின் பெயரிலேயே ஒன்று போனில் உட்காரும், அதற்குள் உங்கள் எஸ்டிகேயும் உங்கள் நேட்டிவ் லைப்ரரிகளும் இருக்கும். ஸ்டோரில் என்ன அப்டேட் வந்தாலும் இதைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்டை மாற்றினால் முன்பு போலவே உடனுக்குடன் போனில் தெரியும். புஷ் நோட்டிஃபிகேஷன் உள்ள ஆப் என்றால் உங்களுக்கு வேறு வழியும் இல்லை, எஸ்டிகே 53இலிருந்து அண்ட்ரொய்ட் எக்ஸ்போ கோவில் அது எடுக்கப்பட்டுவிட்டது.

அண்ட்ரொய்டுக்கு இது ஒரு செலவும் இல்லாத வேலை. ஏபிகே ஒன்று, லிங்க் ஒன்று, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்தது. ஐபோனுக்குத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். அப்பிள் டெவலப்பர் கணக்கு வருடத்துக்கு 99 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் முப்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. கணக்கு இருந்தால் மெக் இல்லாமலே எக்ஸ்போவின் கிளவுட்டில் பில்ட் பண்ணலாம். சோதிக்கும் ஐபோன்களின் அடையாள எண்ணை முன்கூட்டியே பதிய வேண்டும், வருடத்துக்கு 100 ஐபோன் வரை பதியலாம், எங்களைப் போன்றவர்களுக்கு அது தாராளம். ஐஓஎஸ் 16 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குள் டெவலப்பர் மோடையும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஐக்கன் இருக்கும், ஆப் திறக்காது. இலவசக் கணக்கிலும் செய்யலாம், அதற்கு மெக்கும் அப்பிளின் பில்ட் மென்பொருளான எக்ஸ்கோடும் வேண்டும், போட்ட ஆப் ஏழு நாளில் காலாவதியாகும். தனியாகப் பழகுகிறவருக்கு அது பரவாயில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. அந்த 99 டொலரை இப்போது விலை பேசும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறோம்.

டெவலப்மென்ட் பில்டுக்கு மாறினால் வேர்ஷன் பிரச்சினையே வராது என்று நினைக்க வேண்டாம். அது வேறு முகத்தோடு வரும். கெமரா லைப்ரரி ஒன்றைப் புதிதாகச் சேர்த்துவிட்டு, போன வார பில்டிலேயே திறந்தால், அந்த நேட்டிவ் மொடியூல் இல்லை என்று எரர் வரும். நேட்டிவ் பக்கம் ஏதாவது மாறினால் புது பில்ட் கட்டாயம். பயனாளர்களுக்கு இணையம் வழியாக அப்டேட் அனுப்புகிறவர்கள் ரன்டைம் வேர்ஷன் என்ற அமைப்பைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும், அது பொருந்துகிற பில்டுக்கு மட்டுமே அப்டேட் போகும். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே வேர்ஷன் மாறுவது நாம் மாற்றும்போது மட்டும்தான். இரவோடு இரவாக வேறு யாரோ மாற்றுவதில்லை. எனக்கு அதுவே போதும்.

சில்லறைப் பிரச்சினைகள் சிலவும் உண்டு. லெப்டொப்பை அண்ட்ரொய்ட் போனோடு இணைக்கும் கருவி ஏடிபி. ஏடிபி சேர்வர் வேர்ஷன் கிளையன்டோடு பொருந்தவில்லை, நிறுத்துகிறேன் என்று டெர்மினல் திரும்பத் திரும்பச் சொன்னால், லெப்டொப்பில் இரண்டு ஏடிபி இருக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலும் போன் திரையை லெப்டொப்பில் காட்டும் எஸ்சிஆர்சிபியை இறக்கும்போது அதோடு கூட வந்ததாக இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள ஆப்போடு கையொப்பம் (ஆப்பை யார் பில்ட் பண்ணினார் என்ற அடையாளம்) பொருந்தவில்லை என்று இன்ஸ்டால் நின்றால், ஸ்டோரிலிருந்து போட்டதை அழித்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். அழித்தும் அதே எரர் வந்தால் போனில் இரண்டாவது பாவனையாளர் கணக்கிலோ பாதுகாப்பு ஃபோல்டரிலோ ஒரு பிரதி ஒளிந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வேர்ஷன் ஒன்று, நேட்டிவ் வேர்ஷன் வேறு என்று சிவப்புத் திரை வந்தால், 8081 போர்ட்டில் இன்னொரு ப்ரொஜெக்டின் மெட்ரோ (ஜாவாஸ்கிரிப்டைப் போனுக்கு அனுப்பும் சேர்வர்) ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல தடவை விஷயம் அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வழக்கம் இப்படி. யோசனை ஒன்றை வாடிக்கையாளருக்குக் காட்டும் முதல் சில நாட்கள் எக்ஸ்போ கோ. அட்வான்ஸ் கைக்கு வந்ததும் டெவலப்மென்ட் பில்ட். பழகுகிறவர்களுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் எக்ஸ்போ கோவையே தயங்காமல் சொல்வேன், புது எஸ்டிகேயில் புது ப்ரொஜெக்ட் தொடங்கினால் அவர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராது. ஆறு மாதம் இழுபடுகிற, ஐபோனும் சேர்ந்த வேலைக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

சோதனைக்குப் பழைய போன் வாங்கப் புறக்கோட்டைக்கோ லிபர்ட்டி பிளாசாவுக்கோ போகிறவர்களுக்கு ஒன்று. எஸ்டிகே 52இலிருந்து அண்ட்ரொய்ட் 7, ஐஓஎஸ் 15.1 இரண்டுக்கும் கீழே ஓடாது. ஐபோன் 6 மலிவாகக் கிடைக்கும், ஐஓஎஸ் 12இலேயே நின்றுவிட்டது, எடுக்க வேண்டாம். 6எஸ், 7 இரண்டும் ஐஓஎஸ் 15 வரை போகும், எஸ்டிகே 54 வரைக்கும் சமாளிக்கலாம். கடைக்காரர் எந்த மொடல் என்று சொன்னாலும், காசு கொடுக்க முன்பு செட்டிங்ஸைத் திறந்து வேர்ஷனை நீங்களே பாருங்கள். 15.1க்குக் கீழே இருந்தால் அங்கேயே அப்டேட் பண்ணித் தரச் சொல்லுங்கள்.