ஆர் 'சர்வைவல்' பேக்கேஜ்: முதியோர் தரவுக்கு எவ்வளவு தாங்கும்?

மேயோ கிளினிக்கின் டெரி தெர்னோ உருவாக்கிய சர்வைவல், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவும்போதே கூட வந்துவிடும். காசு கிடையாது. இறப்பு, டிமென்ஷியா, இடுப்பெலும்பு முறிவு என 'எந்த வயதில் நடந்தது' என்று கேட்கும் தரவுக்கு முதலில் எடுக்க வேண்டியது இதுதான். ஆனால் வயதைத் தப்பாக ஊட்டினாலும் மறுக்காமல் விடை தரும்.

இந்தியாவில் முதியோரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் லாசி போன்ற ஆய்வில் ஒருவர் 72 வயதில் சேர்ந்தால், அதுவரை அவர் சாகாததால்தான் நம் பட்டியலில் இருக்கிறார். பிறப்பிலிருந்தே கணக்கிட்டால் ஆயுள் பொய்யாக நீளும். எனவே தரவை உள்ளே கொடுக்கும் சர்வ் ஃபங்ஷனுக்கு சேர்ந்த வயது, கடைசியாகப் பார்த்த வயது, நிகழ்வு மூன்றையும் கொடுங்கள். வயது முழு எண்ணாக இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். 72இல் சேர்ந்து 72இலேயே இறந்தவருக்குத் தொடக்கமும் முடிவும் ஒன்றாகிவிடும். ஒரு எச்சரிக்கை வரும், அந்த வரிசை மாடலிலிருந்து கழன்றுவிடும். சேர்ந்த சில மாதங்களில் இறந்தவர்களே இப்படிக் காணாமல் போகிறார்கள். பிறந்த தேதியிலிருந்து நாட்களை எண்ணி 365.25ஆல் வகுத்தால் சரியாகிவிடும்.

ஒவ்வொரு வயதிலும் எத்தனை பங்கு பேர் மிச்சம் என்று காட்டும் கப்லான்-மேயர் கோட்டில் இன்னொரு வில்லங்கம். லாசியில் 45 தாண்டியவர்களோடு அவர்களது துணைவரும் எந்த வயதானாலும் சேர்க்கப்படுகிறார்கள். தரவைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும்போது, 38 வயதில் ஒரே ஆள் இருந்து அவரும் இறந்தால் கோடு பூஜ்யத்தில் விழும், பிறகு எழவே எழாது. இந்தக் கோட்டைப் போடும் சர்வ்ஃபிட்டில் தொடக்க வயதை 60 என்று வையுங்கள். வரைபடத்திலும் '60 வரை வாழ்ந்தவர்களுக்கு' என்று எழுதுங்கள்.

குழுக்களின் கோடுகளை ஒப்பிடும் லாக்-ரேங்க் சோதனைக்கான சர்வ்டிஃப் இந்த மூன்று எண் வடிவத்தை ஏற்பதில்லை. குழுவை மட்டும் வைத்து காக்ஸ் மாடல் (நிகழ்வு வேகத்தைக் குழுக்களிடையே ஒப்பிடும் மாடல்) ஓட்டி, அதன் ஸ்கோர் டெஸ்டைப் படித்தால் போதும்.

டிமென்ஷியா ஆய்வில் இறந்தவர்களைச் சென்சார் செய்து, அதாவது அதற்குப் பிறகு தகவல் இல்லாதவர்களாக எண்ணி, கப்லான்-மேயர் போட்டால் நோய் வாய்ப்பு மிகையாகத் தெரியும். நிகழ்வை ஃபேக்டராக (பெயரிட்ட நிலைகளாக) கொடுத்தால் சர்வ்ஃபிட் தானாகவே, இறப்பையும் தனி முடிவாக எண்ணும் ஆலன்-ஜோஹான்சன் முறைக்கு மாறும், நல்ல வசதி. ஆனால் ஃபேக்டரின் முதல் நிலைதான் சென்சார். நிலைகளை நீங்கள் சொல்லாவிட்டால் ஆர் அகர வரிசையில் அடுக்கும்; 'டெத்' முதலில் வந்தால் செத்தவர்கள் அத்தனை பேரும் சென்சார்.

பெரிய குறை, தரவுக்கு ஒரு சூத்திரத்தைப் பொருத்தும் சர்வ்ரெக்கில். வைபுல் சூத்திரம் உண்டு, முதுமை ஆய்வாளர் முதலில் தேடும் கோம்பெர்ட்ஸ் சூத்திரம் இல்லை. சேர்ந்த வயதையும் அது ஏற்பதில்லை. இரண்டுக்கும் ஃப்ளெக்ஸ்சர்வ் பேக்கேஜைத் தனியே நிறுவ வேண்டும்.