பிள்ளையை கார் பாலிசியிலிருந்து எடுக்க: ஆப்பா, போனா, ஏஜென்ட்டா?

அமெரிக்காவில் பிள்ளை லைசென்ஸ் வாங்கியதும் அப்பா அம்மாவின் கார் பாலிசியில் பெயர் ஏறும், பிரீமியமும் ஏறும். வேலை கிடைத்துத் தனி வீடு போனபின் அந்தப் பெயரை எடுக்க வேண்டும். பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் இதைக் கேட்க முடியும். பிள்ளை கூப்பிட்டால் செய்ய மாட்டார்கள்.

பிள்ளைக்குப் புது முகவரி, சொந்த கார், சொந்த பாலிசி மூன்றும் இருந்தால் கம்பெனியின் ஆப் போதும். தேதியும் காரணமும் கொடுத்தால் வேலை முடிந்தது. முகவரி இன்னும் பெற்றோர் வீடாகவே இருந்தால்தான் சிக்கும். ஒரே வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர் எல்லோரும் அந்தக் காரை எடுக்கக்கூடும் என்றுதான் கம்பெனி கணக்குப் போடுகிறது. பிள்ளையின் புதுப் பாலிசியின் டெக்லரேஷன்ஸ் பேஜையோ (யார், எந்தக் கார், என்ன காப்பீடு என்று சொல்லும் சுருக்கப் பக்கம்) வாடகை ஒப்பந்தத்தையோ கேட்பார்கள். முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள்.

போனில் செய்பவர்கள் ஒரு வார்த்தையில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். 'ரிமூவ்' வேறு, 'எக்ஸ்க்ளூட்' வேறு. ரிமூவ் செய்த பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, கேட்டுவிட்டு உங்கள் காரை எடுத்தால் பெரும்பாலான பாலிசிகளில் காப்பீடு உண்டு. எக்ஸ்க்ளூட் செய்திருந்தால் பால் வாங்கப் போய் இடித்தாலும் கம்பெனி பைசா தராது. டெக்சஸில் இதற்கென்றே 515ஏ என்ற படிவம் இருக்கிறது. சில மாநிலங்கள் இந்த முறையையே அனுமதிப்பதில்லை. பிரீமியம் குறையும் என்று சொல்லி எதையாவது கையெழுத்துக்கு அனுப்பினால், முழுதாகப் படிக்காமல் போடாதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது காரின் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில். பிள்ளை ஓட்டிப்போகும் கார் அப்பா பெயரில் இருந்தால், பிள்ளை பெயரில் தனிப் பாலிசி எடுப்பது கஷ்டம். முதலில் டைட்டிலை மாற்றுங்கள். கலிஃபோர்னியாவில் பெற்றோர் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தால் யூஸ் டாக்ஸ் (கார் கைமாறும்போது மாநிலம் வாங்கும் வரி) இல்லை, பெயர் மாற்றத்துக்கு ஸ்மாக் (புகைச் சோதனை) சான்றிதழும் வேண்டாம். ரெக் 256 படிவத்தில் அதைக் குறித்தால் போதும். கொடுப்பவர், கார் கைமாறியதைத் தெரிவிக்கும் ரெக் 138 படிவத்தை 5 நாட்களுக்குள் டி.எம்.வி.க்கு (மாநில வாகனத் துறை) அனுப்ப வேண்டும். டெக்சஸில் பரிசு வரி 10 டாலர்.

கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளையை எடுக்கவே வேண்டாம். கார் வீட்டில் நிற்க, கல்லூரி 100 மைலுக்கு அப்பால் இருந்தால் பல கம்பெனிகள் 'டிஸ்டன்ட் ஸ்டூடன்ட்' தள்ளுபடி தருகின்றன. பெயரும் நிற்கும், செலவும் குறையும்.

ஸ்டேட் ஃபார்ம் மாதிரி உள்ளூர் ஏஜென்ட் வழியாக நடக்கும் கம்பெனிகள் இந்த வேலைக்கு ஒரு படி மேல். மாற்றம் பெரும்பாலும் நள்ளிரவு 12:01-க்கு அமலாகும். பழையதிலிருந்து பெயர் எடுக்கும் தேதியும் புதுப் பாலிசி தொடங்கும் தேதியும் ஒன்றாக இருக்கும்படி நல்ல ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் பிள்ளையின் பிரீமியம் கூடலாம். குடும்பத்துக்கு அம்ப்ரெல்லா பாலிசி (கார், வீட்டுப் பாலிசிகளின் வரம்புக்கு மேல் வரும் இழப்பீட்டுக்கான கூடுதல் காப்பீடு) இருந்தால் அதிலும் பெயர் மாற வேண்டும்; ஆப் அதை நினைவுபடுத்தும் என்று நம்ப வேண்டாம். பிள்ளையின் காரும் போனால் பல கார் தள்ளுபடி குறையும் என்பதால், மிச்சம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மாற்றம் முடிந்ததும் புது டெக்லரேஷன்ஸ் பேஜை இறக்கிப் பாருங்கள். டிரைவர் பட்டியலில் பிள்ளை பெயர் இருக்கக் கூடாது, எக்ஸ்க்ளூடட் பட்டியலிலும் இருக்கக் கூடாது. இரண்டையும் பாருங்கள்.