ஜப்பான் கேம் வெளிநாட்டுக்கு வருமா வராதா: யார் கையில முடிவு இருந்தா நமக்கு நல்லது?

2009 பிப்ரவரில டீமன்ஸ் சோல்ஸ்ங்கற வீடியோ கேம் ஜப்பான்ல வந்துச்சு. செஞ்சது ஃப்ரம்சாஃப்ட்வேர், காசு போட்டது சோனி. அப்ப சோனி ஸ்டுடியோக்களுக்கு தலைவரா இருந்த ஷுஹேய் யோஷிதா அதை ரெண்டு மணி நேரம் ஆடிப் பாத்துட்டு ரொம்ப மோசம்னு முடிவு பண்ணிட்டார், அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் சோனி அதை விடவே இல்ல. இது யாரோ கெளப்பி விட்ட கதை இல்ல, பின்னாடி அவரே வெளிப்படையா சொன்னது, நாங்க பண்ணது தப்புன்னும் சேத்து சொன்னார்.

ஆடினவங்களுக்குத் தெரியும், அந்த கேம்ல ரெண்டு மணி நேரம்ங்கறது முதல் கோட்டையில செத்து செத்து எந்திரிக்கிற நேரம். அதுவரைக்கும் எதிரிகளைக் கொன்னு சேத்து வச்ச சோல் (அந்த கேம்ல அதுதான் காசு) எல்லாம் செத்த எடத்துல ரத்தக்கறையா கெடக்கும், திரும்பப் போயி எடுக்கணும், போற வழியில ஏற்கனவே கொன்னவன் எல்லாம் மறுபடி எந்திரிச்சு நிப்பான், அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இன்னொரு தடவ செத்தா மொத்தமும் போச்சு. கேடயத்தைத் தூக்கிப் பிடிச்சு பொறுமையா நின்னு, அவன் வாள் ஓங்குற நேரத்தை கவனிச்சு, அதுக்கப்புறம் அடிக்கணும்னு கை பழகவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. பழகினதுக்கு அப்புறம் வேற கேம் எதுவும் பிடிக்கல.

அதே கேமை அட்லஸ்ங்கற வேற ஒரு ஜப்பான் கேம் கம்பெனியோட அமெரிக்கக் கிளை எடுத்து 2009 அக்டோபர்ல அங்க விட்டுச்சு. ஐரோப்பாவுல நம்கோ பாண்டாய் 2010ல விட்டாங்க, அடுத்த வருஷமே அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் செஞ்ச டார்க் சோல்ஸை ஜப்பானுக்கு வெளிய உலகம் பூரா கொண்டு போனதும் அவங்கதான், அங்கேர்ந்து அவங்களோட எல்டன் ரிங் வரைக்கும் வந்து மூணு கோடி காப்பிக்கு மேல வித்தாச்சு. டேபிள் மேல இருந்தது ஒரே கேம்தான், ஒரு டேபிள்ல ஓடாதுன்னு தள்ளினாங்க, பக்கத்து டேபிள்ல வாரி எடுத்துக்கிட்டாங்க. அதனால எந்த கேம் வெளிய வரும்னு கேக்குறதை விட அந்த முடிவு யாரு டேபிள்ல நடக்குதுன்னு கேக்குறதுதான் சரின்னு நான் நம்புறேன், இந்த அலசல் பூரா அதைப் பத்தித்தான்.

முதல்ல டேபிள்ல என்ன கணக்கு போடுறாங்கன்னு பாத்துருவோம். எழுத்து எவ்வளவு இருக்கு, அதை மொழிபெயர்க்க எத்தன மாசம் ஆகும், குரல் பதிவு வேணுமா, வயசு ரேட்டிங் வாங்குறப்ப ஏதாவது காட்சி மாட்டுமா, பாட்டு உரிமை ஜப்பானுக்கு மட்டும் வாங்கினதா, எல்லாத்துக்கும் மேல அந்த கேம் ஓடுற மெஷின் இன்னும் எத்தன வருஷம் உயிரோட இருக்கும். கடைசிதான் பல கேமைக் கொன்னது. ஃபைனல் ஃபேன்டஸி முதல் பாகம் 1987ல ஜப்பான்ல வந்து 1990லதான் அமெரிக்கா போய்ச் சேந்துச்சு, அதுக்குள்ள புது மெஷின் வந்துருச்சு, அதனால ரெண்டையும் மூணையும் விட்டுட்டு நாலாவதை 1991ல "ரெண்டு"ன்னு பேர் போட்டு வித்தாங்க, அஞ்சை விட்டுட்டு ஆறை 1994ல "மூணு"ன்னு வித்தாங்க. உண்மையான மூணாவது பாகம் இங்கிலீஷ்ல வர 2006 ஆச்சு, அதுவும் நின்டெண்டோவோட டிஎஸ்ங்கற கையடக்க மெஷின்ல புதுசா செஞ்சது. ஆறாவதை மொழிபெயர்த்த டெட் வுல்சிக்கு கெடச்சது 30 நாள். ஜப்பானிய எழுத்து ரெண்டு போட்டா ஒரு முழு சொல் முடிஞ்சுரும், அதே கட்டத்துக்குள்ள இங்கிலீஷ் சொல் நுழையவே நுழையாது, வெட்டி வெட்டித்தான் வைக்கணும், அந்த 30 நாள்ல அவர் அதையும் பாத்துக்கிட்டார்.

இப்ப வழிகளுக்கு வரேன்.

சொந்தக் கிளை வழியா விடுறது முதல் வழி. காசு இருக்கு, கடை இருக்கு, விளம்பரம் பண்ண ஆள் இருக்கு, அதனால இதுதான் நல்ல வழின்னு தோணும். ஆனா பெரிய கிளைக்கு சின்ன லாபம் கண்ணுலயே படாது. நின்டெண்டோவோட ஸீனோப்ளேட்ங்கற கேம் கதையைப் பாருங்க. 2010 ஜூன்ல ஜப்பான்ல வந்துச்சு, நின்டெண்டோவோட ஐரோப்பியக் கிளை பிரிட்டிஷ் நடிகர்களை வச்சு குரல் பதிஞ்சு 2011 ஆகஸ்ட்ல விட்டாங்க. இங்கிலீஷ் வேலை முழுசா முடிஞ்சு கையில இருந்தும் அமெரிக்கக் கிளை அசையல. ரசிகர்கள் ஆபரேஷன் ரெயின்ஃபால்னு சேந்து கடிதம் எழுதி, அமேசான்ல பழைய பேர்ல கெடந்த ஒரு முன்பதிவு பக்கத்தை அத்தன பேரும் புக் பண்ணி முதல் எடத்துக்கு ஏத்தினாங்க. கடைசில 2012 ஏப்ரல்ல வந்துச்சு, அதுவும் ஒரே ஒரு கடைச் சங்கிலியிலயும் நின்டெண்டோவோட சொந்த ஸ்டோர்லயும் மட்டும். அப்புறம் அதோட ஹீரோ ஷல்க், நின்டெண்டோ ஹீரோக்கள் எல்லாம் மோதிக்கிற ஸ்மாஷ் பிரதர்ஸ் கேம்ல வந்தான், ரெண்டாம் பாகம் 2017ல உலகம் பூரா ஒரே நாள்ல வந்துச்சு. ஒரே கம்பெனியோட ரெண்டு கிளை, ஒரே கேம், ரெண்டு முடிவு.

சேகா கம்பெனியோட யகுஸாங்கற கேம் வரிசை இதுலயே இன்னொரு வகை வலி. முதல் பாகத்துக்கு மார்க் ஹாமில் மாதிரி நடிகர்களை எல்லாம் கூட்டி வந்து 2006ல இங்கிலீஷ் டப்பிங் பண்ணாங்க, ஓடல. உடனே டப்பிங்கை நிறுத்தினாங்க, மூணாவது பாகத்துல மாஜாங்ங்கற கட்டை ஆட்டம், ஷோகிங்கற ஜப்பான் செஸ், ஹோஸ்டஸ் கிளப் எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு 2010ல விட்டாங்க. அந்த கேமோட உயிரே தெருவுல சும்மா சுத்துறதுதான், கதைக்கு நடுவுல ஒரு கடைக்குள்ள போயி உக்காந்து மாஜாங் ஆடுறதுதான், அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? அஞ்சாவது பாகம் மூணு வருஷம் லேட்டா, டிஸ்க் கூட இல்லாம வந்துச்சு. அப்புறம் 2017ல யகுஸா ஸீரோ எதையும் வெட்டாம போச்சு, அங்கதான் வெளிநாட்டுக்காரன் இந்தக் கதைக்குள்ள விழுந்தான். வெட்டுனதால வரவேற்பு கெடைக்கல, வெட்டாம குடுத்தப்பதான் கெடச்சுது. மூணாவது பாகத்தை பிஎஸ்4க்கு புதுப்பிச்சப்ப வெட்டுன பல பகுதியைத் திருப்பி சேத்தாங்க, அதை ஆடி முடிச்சப்ப மனசு நெறஞ்சுது.

அடுத்தவங்க கேமை எடுத்து வெளியிடுற சின்ன பப்ளிஷர் கிட்ட குடுக்குறது ரெண்டாவது வழி. அட்லஸ் கிளை, எக்ஸ்சீட், நிஸ் அமெரிக்கா மாதிரி ஆளுங்க. இவங்களுக்கு கொஞ்சம் காப்பி போனாலே கையைக் கடிக்காது, அதை விட முக்கியம், அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கவங்க கேமை முடிச்சுப் பாத்தவங்க. ரெயின்ஃபால் ரசிகர்கள் கேட்ட மத்த ரெண்டு கேம், லாஸ்ட் ஸ்டோரியும் பண்டோராஸ் டவரும், அமெரிக்காவுல எக்ஸ்சீட் மூலமாத்தான் வந்துச்சு. குறைன்னா வேகம். ஆள் கம்மி, எழுத்து மலை மாதிரி. எக்ஸ்சீட் எடுத்த ட்ரெயில்ஸ் இன் த ஸ்கை முதல் பாகம் 2011 மார்ச்ல இங்கிலீஷ்ல வந்துச்சு, கடைசி காட்சியில நெஞ்சைப் பிடிச்சு நிறுத்திட்டு முடிஞ்சுரும், அடுத்தது எப்ப வரும்னு பாத்தா 2015 அக்டோபர். நாலரை வருஷம்! அந்தக் காலத்துல சோனியோட பிஎஸ்பிங்கற கையடக்க மெஷின் வெளிநாட்டுல கிட்டத்தட்ட செத்துருச்சு, பிசியில ஸ்டீம்னு ஒரு ஆன்லைன் கேம் கடை இருந்ததாலதான் கணக்கு ஒத்து வந்துச்சு. காத்திருந்தவங்கள்ல நானும் ஒருத்தன், ஆனா வந்தப்ப ஒவ்வொரு வரியும் மனுஷன் பேசுற மாதிரி இருந்துச்சு, ஊர்ல சும்மா நிக்கிற ஒரு பாட்டி கூட கதை ஒரு படி நகந்தா புதுசா ஏதாவது சொல்லும், அதை எல்லாம் ஒருத்தர் உக்காந்து எழுதியிருக்காங்க. அதுக்காக அந்த நாலரை வருஷத்தை நான் மன்னிச்சுட்டேன்.

மாத்தி செஞ்சு விடுறது மூணாவது. இதைச் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா இப்ப இந்த வழி கிட்டத்தட்ட போயிருச்சு. 1986ல ஜப்பான்ல வந்த சூப்பர் மாரியோ 2 ரொம்ப கஷ்டம்னு நின்டெண்டோவோட அமெரிக்கக் கிளையில கேம் பாத்து சொல்ற ஹோவர்ட் ஃபிலிப்ஸ் நினைச்சார், அதனால டோக்கி டோக்கி பானிக்னு வேற ஒரு கேமை எடுத்து மாரியோ மூஞ்சியை ஒட்டி 1988ல விட்டாங்க. நல்லா ஓடுச்சு, மாரியோவுல வர்ற முகமூடி எதிரி ஷை கை எல்லாம் அங்கேர்ந்து வந்ததுதான். 2005ல டிஎஸ்க்கு வந்த ஓயெண்டான்னு ஒரு தாளக் கேம், கருப்பு ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட மூணு பசங்க கஷ்டத்துல இருக்கவனுக்கு கத்தி உற்சாகம் குடுப்பானுங்க, அதோட பாட்டும் பண்பாடும் அங்க எடுபடாதுன்னு கோட்டு போட்ட ஏஜென்ட்டுகளை வச்சு எலைட் பீட் ஏஜென்ட்ஸ்னு புதுசா 2006ல செஞ்சாங்க. ரெண்டுமே நல்ல கேம். ஆனா ஒரிஜினலை ஆடணும்னு இருந்தவன் இம்போர்ட் வாங்கித்தான் ஆடினான், டிஎஸ்ல ரீஜன் லாக், அதாவது வேற நாட்டு கேமை ஓட விடாத பூட்டு, இல்லாததால பொழச்சான். மாத்தி செய்றது புது கேமுக்கு வழி, பழசுக்கு இல்ல.

ஆரம்பத்துலயே உலகம் பூரா ஒரே நாள்னு திட்டம் போடுறது நாலாவது. சேந்து போயி ராட்சத மிருகங்களை வேட்டையாடுற மான்ஸ்டர் ஹன்டர் கேம் வரிசை இதுக்கு நல்ல சாட்சி. அதுல 2010ல பிஎஸ்பில வந்த போர்ட்டபிள் தேர்ட் ஜப்பான்ல மட்டும் 40 லட்சத்துக்கு மேல வித்துச்சு, இங்கிலீஷ்ல வரவே இல்ல. ஜப்பான்ல ரயில்ல, டீக்கடையில நாலு பேர் பக்கத்துல உக்காந்து ஆடுவாங்க, அமெரிக்காவுல அவனவன் கார்ல தனியாப் போறான், அந்த ஆட்டம் அங்க ஒட்டல. 2018 ஜனவரில வந்த மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டை ஆன்லைன்ல சேந்து ஆடுற மாதிரி கட்டி, எல்லா ஊர்லயும் ஒரே நாள்ல விட்டாங்க, 2 கோடிக்கு மேல போச்சு. காத்திருக்க வேணாம், யாரும் கதையை முன்னாடியே சொல்லிக் கெடுக்க மாட்டாங்க, நமக்கு இதை விட சுகம் இல்ல. ஆனா ஒரு வருத்தம் இருக்கு, இதுக்கு முதல் போட பெரிய கம்பெனியாலதான் முடியும், அதுவும் எல்லா ஊருக்கும் எடுபடும்னு நம்பிக்கை இருக்க கேமுக்குத்தான் போடுவாங்க, ஜப்பான் தெருவோரத்து வாசனை அடிக்கிற சின்ன கேம் இந்த வரிசையில நிக்காது.

அப்ப எது மேல்? இனிமே செய்யப் போற கேமுக்கு நாலாவது. ஏற்கனவே வந்து கெடக்குற கேமுக்கு ரெண்டாவது, சந்தேகமே இல்லாம. பெரிய கம்பெனி தான் விடலைன்னா உரிமையையாவது அடுத்தவனுக்குக் குடுக்கணும், டீமன்ஸ் சோல்ஸை சோனி அட்லஸ் கிட்ட விட்டதாலதான் இன்னைக்கு எல்டன் ரிங் இருக்கு.

ரசிகர் மொழிபெயர்ப்பை நான் தனி வழியா எண்ணல, ஆனா அது ரெண்டாவது வழியோட போய் சேர முடியும்னு ட்ரெயில்ஸ் ரசிகர்கள் காட்டிட்டாங்க. 2010லயும் 2011லயும் ஜப்பான்ல வந்த ஸீரோ, அஸூர்ங்கற ட்ரெயில்ஸ் கேம் ரெண்டையும் ஜியோஃப்ரன்ட்னு ஒரு குழு சொந்த ஆர்வத்துல மொழிபெயர்த்து 2020, 2021ல முடிச்சாங்க, நிஸ் அமெரிக்கா அந்த எழுத்தையே அதிகாரபூர்வமா வாங்கி 2022, 2023ல விட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல கெடந்த கேம், எழுதினவங்க உழைப்புக்கும் மதிப்பு கெடச்சுது.

நின்டெண்டோவோட மதர் 3ங்கற கேமுக்கு அது நடக்கல. 2006ல ஜப்பான்ல கேம்பாய் அட்வான்ஸ் மெஷின்ல வந்துச்சு, 2008 அக்டோபர்ல க்ளைட் மேன்டெலின் தலைமையில ரசிகர்கள் கேம் மேல போட்டா மொழி மாறுற முழு இங்கிலீஷ் பேட்ச் முடிச்சாங்க, முதல் வாரத்துலயே லட்சம் பேருக்கு மேல டவுன்லோட் பண்ணாங்க. எங்க எழுத்தை இலவசமாவே எடுத்துக்கங்கன்னு மேன்டெலின் நின்டெண்டோவுக்கு சொல்லியும் பாத்தார். 2024 பிப்ரவரில நின்டெண்டோவோட ஸ்விட்ச் ஆன்லைன்ங்கற சந்தா சேவையில அந்த கேம் வந்துச்சு, ஜப்பானுக்கு மட்டும், ஜப்பானிய மொழியில மட்டும்.