நான்கு வருடமாக ஃபோகஸ்ரைட்டரில் எழுதுகிறேன்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் கூப்பிட்டார். "ஏனுங்கக்கா, நீங்க எழுதற அந்த மென்பொருள் நல்லா இருக்குதுங்களா? நானும் போட்டுக்கட்டுங்களா?" அடுப்பில் பால் இருந்ததால் "போட்டுக்குங்க தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று அப்புறம்தான் தோன்றியது.

ஃபோகஸ்ரைட்டர் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், திரை முழுக்கத் தாள் மட்டும் தெரியும். மெனு வேண்டுமென்றால் சுட்டியை மேல் விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நான் இதற்கு மாறியது பட்டன்களை மறைப்பதற்காக இல்லை.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் தூங்கி வளர்ந்தார்கள், நானும் அதில்தான் எழுதுகிறேன். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தலை நிமிரும். இத்தனை சத்தத்துக்கும் கலையாத கவனத்தை முன்பு வைத்திருந்த எழுதும் மென்பொருள், பிழை என்று காட்டும் ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டால் கலைத்துக்கொண்டிருந்தது.

நான் எழுதுவது என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பேசிய பேச்சு. காங்கயம் பக்கத்துத் தோட்டத்து வீடு. பொடக்காலி, தொண்டுபட்டி, அட்டாலி, ஒறம்பரை என்று அவர் வாயில் வந்த சொல் ஒவ்வொன்றின் கீழும் அந்த அலைகோடு விழும். தமிழில் ஒரு வினைச்சொல் எத்தனையோ வடிவம் எடுக்கும், சந்தி வேறு சேரும். பிழைதிருத்தியின் சொற்பட்டியல் எழுத்துத் தமிழுக்கே திணறும்போது வட்டாரச் சொல்லுக்கு எங்கே போகும்? அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாள் பழைய பக்கங்களைப் படித்தபோது, "ஒறம்பரை வந்திருக்குது" என்று அம்முச்சி சொன்னதை "உறவினர்கள் வந்திருக்கிறார்கள்" என்று நானே மாற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. சிவப்பு உறுத்தியது, கை மாற்றிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஃபோகஸ்ரைட்டரில் பிழைதிருத்தியை அணைத்துவிட்டு வெறும் தாளில் எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, நான் மறந்தே போயிருந்த சொற்கள் வரிசையாக வந்தன. அதற்காகவே இதை விடமாட்டேன்.

குறையும் உண்டு. அடிக்குறிப்பு போட வழியில்லை. வட்டாரச் சொல் எழுதுகிறவளுக்கு அது பெரிய குறைதான். பொருளை அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்து, பிறகு லிப்ரே ஆபீஸ் என்ற இன்னொரு மென்பொருளில் திறந்து ஒவ்வொன்றாக நகர்த்துகிறேன். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு மாலை முழுசாகப் போகிறது. இதில் தினமும் இவ்வளவு எழுதுவது என்று ஒரு இலக்கு வைக்கலாம், அதைச் சொல் கணக்கில் வைக்காதீர்கள். "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக எழுதுவார்கள், அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது. நிமிடக் கணக்கிலும் இலக்கு வைக்கலாம். எனக்கு 40 நிமிடம். நடப்பு வரியை மட்டும் காட்டி மற்றதை மங்கலாக்கும் வசதி உரையாடல் எழுதும்போது தொந்தரவு. முன்னால் பேசியது கண்ணுக்குத் தெரிந்தால்தான் பதில் வரும். பத்தி அளவுக்கு வைத்தபின் சரியானது.

இவ்வளவும் எழுதிவிட்டு, தம்பிக்கு என் பதில்: போட வேண்டாம். உங்களிடம் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. ஷிஃப்டோடு எஃப்7 அழுத்தினால் அலைகோடு போய்விடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை. அடிக்குறிப்பும் கையிலேயே இருக்கும். இந்த இரண்டும் முன்பே தெரிந்திருந்தால் நான் எதற்கும் மாறியிருக்க மாட்டேன்.

இப்போது மட்டும் நான் மாறுவதாக இல்லை. அம்முச்சி இன்னும் தொண்டுபட்டியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார், அதுவரைக்கும்தான் எழுதியிருக்கிறேன்.