கன்னியாவின் சுடுதண்ணியா, கீரிமலைக் கேணியா?

கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வருகிறது. வவுனியாவில் எங்களோடு நிற்கிற நாட்களில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம். "அக்கா, பிள்ளைகள் குளிக்கிற மாதிரி ஒரு இடம் சொல்லு, கன்னியாவா கீரிமலையா?" என்று கேட்டாள். கன்னியா திருகோணமலைப் பக்கத்து வெந்நீர்க் கிணறுகள், கீரிமலை யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடற்கரையில் இருக்கிற குளிர் ஊற்றுக் கேணி. கீரிமலை என்று உடனேயே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். இந்த வருடம் இரண்டு இடத்துக்கும் போய்வந்தோம். ஏப்ரல் விடுமுறையில் கன்னியா, ஓகஸ்டில் கீரிமலை. இரண்டு முறையும் நான், இவர், 13 வயது மகள், ஒன்பது வயது மகன், முழங்கால் வலியோடு 71 வயது அம்மா. அந்த இரண்டு பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தூரத்தைப் பார்த்தால் கன்னியாதான் முதலில் நிற்கும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கன்னியா நகரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, அதே வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற இடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு 140. அங்கிருந்து கீரிமலைக்கு இன்னும் இருபதுக்குக் கிட்ட. ஆனால் 2015 தொடக்கத்திலிருந்து ரயில் திரும்பவும் காங்கேசன்துறை வரை ஓடுகிறது. அங்கே இறங்கி ஓட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கீரிமலை. முழங்கால் வலிக்காரருக்கு வான் வண்டியில் கால் மடக்கி இருப்பதை விட ரயில் எவ்வளவோ மேல். செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கன்னியாவுக்குப் போகவேண்டும் என்று நின்றது அம்மாதான். சுடுதண்ணியில் குளித்தால் முழங்கால் இளகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கீரிமலை அவவுக்குப் புதுசில்லை, பிறந்த ஊர் தெல்லிப்பழை. "அது நான் பார்க்காத கேணியா பிள்ளை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டா.

கன்னியாவில் ஏழு கிணறுகள். கிணறு என்றதும் எங்கள் வளவுக் கிணறு மாதிரி நினைக்க வேண்டாம். சதுரமாகக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டிகள், அடி கண்ணுக்குத் தெரிகிற ஆழம். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒன்று வெதுவெதுப்பு, பக்கத்திலேயே இன்னொன்று கையை வைத்தால் 'ஸ்ஸ்' என்று இழுக்க வைக்கிற சூடு. மகன் ஏழையும் சுற்றிச் சுற்றி ஓடி, எது கூடச் சூடு என்று வரிசைப்படுத்தினான். மகளின் வரிசை வேறு. இரண்டு பேருக்கும் அதில் அரை மணி நேரம் சண்டை. எரிமலையே இல்லாத நாட்டில் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்று மகள் கேட்டாள். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் மிக ஆழமாக இறங்குகிறது, அங்கே நிலத்தின் உள்சூட்டில் சூடாகித் திரும்ப மேலே வருகிறது. மகாஓயா போன்ற இடங்களில் வருகிற வெந்நீரும் இப்படித்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிப்பதை விட ஏழு தொட்டியில் கை வைத்துப் பார்ப்பது பிள்ளைகள் மனதில் நிற்கும். வியப்பு என்று எடுத்தால் கன்னியாவுக்குத்தான் முழுப் புள்ளி.

குளிப்பு என்று எடுத்தால்தான் கதை மாறுகிறது. என் முடிவு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கன்னியாவில் நீங்கள் தண்ணீருக்குள் இறங்குவதில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறீர்கள். கேட்கும்போது சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும். அம்மாவை அங்கே நிறுத்திய பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு வாளி ஊற்றுவதற்கு யாராவது ஒரு முறை குனிய வேண்டும். அம்மாவால் குனிய முடியாது. இவர் அள்ளிக் கொடுக்க, நான் ஊற்றினேன். சுடுதண்ணீர் முழங்காலைத் தொட்டு ஓடுகிற நேரம் இரண்டு மூன்று விநாடி. அடுத்த வாளி வருவதற்குள் காற்றுப்பட்டு ஈர உடம்பு குளிர்ந்துவிடுகிறது. சூடு உள்ளே இறங்குவதற்கு நேரமே கிடைக்கவில்லை. இவ்வளவுக்கும் அம்மா ஈரக் கல்லில் நின்றபடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு. வலிக்கிற முழங்காலுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. முப்பது வாளிக்கு மேல் ஊற்றியிருப்போம். "காணும் பிள்ளை, கால் உளையுது" என்றா.

அதோடு சனம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. இரண்டு பஸ் நிறையச் சுற்றுலா வந்திருந்தது. தொட்டிகள் சின்னன், சுற்றி நாற்பது ஐம்பது வாளி. எல்லாரும் ஒரே நேரத்தில் அள்ளினால் தண்ணீர் இறங்கிவிடுகிறது, திரும்ப ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல சூடான தொட்டியைச் சுற்றித்தான் நெரிசலும் கூட. மகள் குளிக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆணும் பெண்ணும் ஒரே வெளியில், சுற்றி நிற்பவர்கள் கைபேசியில் படம் எடுக்க, 13 வயதுப் பிள்ளை எப்படி நனைந்த உடுப்போடு நிற்பாள்? கையையும் காலையும் கழுவிவிட்டு வந்தாள். நாங்கள் வானுக்குள்ளேயே உடுப்பு மாற்றினோம்.

கீரிமலைக்கு அம்மா மனமில்லாமல்தான் வந்தா. இங்கே தண்ணீர் குளிர். கடற்கரையை ஒட்டிக் கட்டிய கேணி, சுவருக்கு அந்தப் பக்கம் கடல். ஆனால் கேணிக்குள் இருப்பது கடல் தண்ணீர் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளாலும் துவாரங்களாலும் கீழே இறங்கி, நிலத்தடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் பாரம் குறைவு, அதனால்தான் மிதப்பு. அது கடலை நோக்கி ஊர்ந்து வந்து கரையில் ஊற்றாக வெளியே வருகிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றிலும் இதே கதைதான்: மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் வந்து மிதக்கும் என்று அம்மம்மா சொன்னதாக அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னா. தேசிக்காய் வந்ததோ இல்லையோ, கல்லுக்குள்ளால் தண்ணீர் ஓடுகிறது என்பதை அந்தக் காலத்துச் சனம் எப்படியோ பிடித்துவைத்திருக்கிறது. நிலாவரையையும் போய்ப் பார்க்கலாம், ஆனால் குளிக்கிற இடம் இல்லை.

பெண்களுக்கு வேறு கேணி, சுற்றி மதில். படியில் பாசி இருந்தது, அம்மாவை நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினோம். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அம்மா எங்கள் கையை விட்டுவிட்டா. இன்னும் ஒரு படி இறங்கி, தண்ணீருக்குள் இருக்கிற படியில் அப்படியே கழுத்துவரை உட்கார்ந்தா. வீட்டில் கதிரையிலிருந்து எழும்புவதற்கே இரண்டு கையும் ஊன்றுகிறவர். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கியதும் காலை நீட்டி மடக்கினா, கொஞ்ச நேரத்தில் எழும்பி நின்று முங்கினா. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வரவில்லை. முழங்காலுக்குச் சூடு நல்லதா குளிர் நல்லதா என்பது வைத்தியர் சொல்லவேண்டிய விஷயம். நான் சொல்வது வேறு: முழுக உட்காரக்கூடிய தண்ணீரில் வலி உள்ளவர்கள் அசைய முடிகிறது, அள்ளி ஊற்றுகிற தண்ணீரில் முடிவதில்லை. சூடு குளிர் என்ற கணக்கைப் பார்த்து நாங்கள் முதலில் கன்னியாவுக்குப் போனோம். பார்த்திருக்க வேண்டியது, இறங்க முடியுமா முடியாதா என்பதை.

மகளும் இறங்கினாள். குறுக்குக்கட்டோடு இரண்டு பாட்டிமார் படியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மகளுக்கு மல்லாந்து மிதக்கக் காட்டிக்கொடுத்தார். ஊற்று ஓயாமல் வருவதால் எத்தனை பேர் இறங்கினாலும் தண்ணீர் குறைந்த மாதிரித் தெரியவில்லை, கலங்கினாலும் சீக்கிரம் தெளிகிறது. உதட்டில் பட்டால் சன்னமாக ஒரு உப்பு, அவ்வளவுதான்.

ஆண்கள் கேணியில் நான் இறங்கவில்லை, இவரும் மகனும் சொன்னதைத்தான் சொல்கிறேன். அது பெரிசு, ஆழம், வானம் பார்த்தபடி கடலுக்குப் பக்கத்தில். பெடியள் சுவரில் ஏறிக் குதிக்கிறார்கள். நீந்தத் தெரியாத மகன் மேல்படியை விட்டு இறங்காமல் இவர் பார்த்துக்கொண்டார், அது முக்கியம். இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நல்ல கேணி, கடல் காற்று, திறந்த வானம் எல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்குச் சின்னக் கேணியும் மதிலும். மதில் இருந்ததால்தான் மகள் இறங்கினாள் என்பதும் உண்மை. ஆனால் மதிலுக்குள்ளேயே இன்னும் பெரிய கேணி ஒன்று எங்களுக்கும் இருந்திருக்கலாம். எங்கள் சனத்தில் தண்ணீருக்குப் போகிற ஆசை பெண்களுக்குக் குறைவில்லை.

இரண்டு இடமும் வெறும் சுற்றுலா இடம் இல்லை என்பதைத் தங்கச்சியின் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவைக்கச் சொன்னேன். தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் ஏழு இடத்தில் குத்தித் தண்ணீர் எடுத்த இடம் கன்னியா என்பது கதை. இன்றைக்கும் அங்கே கருமக்கிரியை செய்கிறார்கள். கீரிமலையில் இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியை, இறந்த தகப்பனுக்காக ஆடி அமாவாசைத் தீர்த்தம். காலையில் போனால் சாம்பல் கரைக்க வந்த குடும்பம் ஒன்றாவது நிற்கும். அந்த நேரம் பிள்ளைகள் கூச்சல் போடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆடி அமாவாசையன்று குளிப்பு விளையாட்டுக்காகப் போகவே வேண்டாம், அது தகப்பனை நினைத்து வருகிறவர்களின் நாள். பக்கத்திலேயே இருக்கிற நகுலேஸ்வரம் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கேணிக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். கீரிமுகத்தோடு இருந்த முனிவர் இந்த ஊற்றில் குளித்துத்தான் பழைய முகம் பெற்றார் என்பார்கள், கீரிமலை என்ற பேரும் அதனால்தான். இதே ஊற்றில் குளித்துக் குதிரைமுகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையை அம்மா வரும் வழியில் மாவிட்டபுரம் கோயில் பக்கத்தைக் காட்டிச் சொன்னா. மகனுக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது.

1990 இல் போரால், கீரிமலையும் தெல்லிப்பழையும் அடங்கிய வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடியபோது அம்மாவின் வீட்டாரும் ஓடினார்கள். அதற்குப் பிறகு கனகாலம் அந்தப் பக்கம் போகவே வழி இல்லாமல் இருந்தது. "நான் பார்க்காத கேணியா" என்று தள்ளினவர், திரும்பி ரயிலேறும்போது, சின்னனில் குதித்த படி எது என்று மகளுக்கு விரலால் எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தா. எங்கள் வீட்டில் கீரிமலைப் பக்கம் தராசு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் தெல்லிப்பழையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் கேட்டாலும் என் பதில் மாறாது.

மழைக்காலத்தில் கீரிமலைக்கு நாங்கள் போனதில்லை. கார்த்திகை மார்கழியில் வடக்குக் கடல் பொங்குகிற காலம், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்குள்ளவர்களைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கன்னியாவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோணேஸ்வரம், நிலாவெளி என்று எப்படியும் திருகோணமலைக்குப் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. கடலில் குளித்த உப்போடு வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றுகிற சுகம் வேறு. ஆனால் பத்து மணிக்குப் போக வேண்டாம், விடிந்ததும் போங்கள். வெயில் ஏறினால் சுடுதண்ணீர் யாருக்கும் பிடிக்காது, பஸ்களும் அதற்குள் வந்துவிடும். சொந்த வாளி இரண்டு, துவாய், மாற்றுடுப்பு, வயதானவர் வந்தால் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தக் கதிரையை நாங்கள் கொண்டுபோயிருந்தால் அம்மா இன்னும் பத்து வாளி தாங்கியிருப்பா. சவர்க்காரமும் ஷாம்புவும் இரண்டு இடத்துக்கும் வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.