சிறிய கேமரா ஐந்து: அன்றாடப் படங்களுக்கு எது தோது?

33, 41, 43, 55, 64. இங்கே அலசும் ஐந்து கேமராக்களின் தடிமன் இது, மில்லிமீட்டரில். வரிசைப்படி ரிக்கோ ஜிஆர் 3, கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது மாடல், பானசோனிக் எல்எக்ஸ்100 மார்க் 2. முதல் மூன்றும் பேன்ட் பையில் நுழையும். கடைசி இரண்டுக்கும் தோள்வார் வேண்டும். அன்றாடக் கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு கோட்டை முதலில் போட்டுவிடுங்கள். மெகாபிக்சல் பற்றிய வாதங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் விட்டுவிட்டுப் போகும் கேமராவுக்கு 40 மெகாபிக்சல் இருந்து என்ன பயன்?

அடுத்த கேள்வி போன். பகலில் நிலையாக நிற்கும் காட்சியைப் பல ஃபிரேம்களாக எடுத்து ஒன்றாக்கி, போன் மிக நன்றாகவே தந்துவிடுகிறது. அந்த வேலைக்கு மட்டும் என்றால் தனிக் கேமரா தேவையில்லை. போன் திணறும் இடங்கள் மூன்று: மங்கிய வெளிச்சத்தில் அசையும் மனிதர்கள், ஒரு லென்சுக்கும் அடுத்த லென்சுக்கும் நடுவில் விழும் ஸூம் தூரங்கள், ஃபிளாஷ். இவற்றில் உங்களுக்கு எது அடிக்கடி வரும் என்று தெரிந்தால், ஐந்தில் இரண்டு மூன்று தாமாகவே விலகிக்கொள்ளும்.

வெளிச்சக் கணக்கு

வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் பெரிதா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். அதன் முன்னால் இருக்கும் லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது மீதிப் பாதி. ஜிஆரிலும் ஃபூஜியிலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 23.5க்கு 15.6 மி.மீ. கேனனிலும் சோனியிலும் இருக்கும் ஒரு அங்குல சென்சார் எனப்படுவது 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் முதலாவது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். எல்எக்ஸ்100 மார்க் 2-இல் இருப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவுள்ள ஃபோர் தேர்ட்ஸ் சென்சார். ஆனால் அது முழுவதையும் பயன்படுத்தாமல் 17 மெகாபிக்சல் பகுதியை மட்டும் எடுக்கிறது. அந்தப் பகுதி ஏறக்குறைய ஏபிஎஸ்-சியில் பாதி.

எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. ஐஎஸ்ஓ என்பது உணர்திறன், அது ஏற ஏறப் படத்தில் புள்ளியிரைச்சல் கூடும். மாலையில் விளக்குப் போட்ட ஒரு சாதாரண அறையை எடுத்துக்கொள்வோம். எஃப் 2.8, 1/125 நொடி என்றால் ஐஎஸ்ஓ 1600 வேண்டும் என்கிற அளவு வெளிச்சம். கீழே உள்ள கடைசிக் கட்டம், சென்சார் பரப்பு வேறுபாட்டையும் சேர்த்து, படத்தில் தெரியும் புள்ளியிரைச்சல் ஏபிஎஸ்-சி கேமராவின் எந்த ஐஎஸ்ஓவுக்குச் சமம் என்பதைக் காட்டுகிறது. லென்ஸ் கட்டத்தில் எஃப் எண்ணுக்கு முன் இருக்கும் எண், சிறிதானால் அகலக் கோணம், பெரிதானால் தூரத்தை நெருக்கிக் காட்டும் கோணம். வெறும் வடிவியல் கணக்கு இது. சென்சார் தலைமுறை கொஞ்சம் முன்பின் தள்ளலாம், வரிசை மாறாது.

| கேமரா | எடை | லென்ஸ் (35 மி.மீ. கணக்கில்) | தேவைப்படும் ஐஎஸ்ஓ | ஏபிஎஸ்-சி சமம் |
|---|---|---|---|---|
| எக்ஸ்100 ஆறாவது மாடல் | 521 கிராம் | 35, எஃப் 2 | 800 | 800 |
| எல்எக்ஸ்100 மார்க் 2 | 392 கிராம் | 24–75, எஃப் 1.7–2.8 | 600 | 1200 |
| ஜிஆர் 3 | 257 கிராம் | 28, எஃப் 2.8 | 1600 | 1600 |
| ஜி7 எக்ஸ் மார்க் 3 | 304 கிராம் | 24–100, எஃப் 1.8–2.8 | 650 | 2000 |
| ஆர்எக்ஸ்100 மார்க் 7 | 302 கிராம் | 24–200, எஃப் 2.8–4.5 | 1600 | 5000 |

இதில் இரண்டு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். பெரிய சென்சார் என்று கொண்டாடப்படும் ஜிஆரும், சின்ன சென்சார் கொண்ட கேனனும் இருட்டில் அவ்வளவு தூரத்தில் இல்லை. கால் ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டிய வித்தியாசம்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஆனால் கேனனின் எஃப் 1.8 அகலக் கோணத்தின் தொடக்கத்தில் மட்டும். முகம் எடுக்க ஸூமை நீட்டினால் எஃப் 2.8-க்கு இறங்கி, சமக் கணக்கு 5000-ஐத் தொடும். இரண்டாவது, சோனி. 200 மி.மீ.யில் எஃப் 4.5 மட்டுமே கிடைப்பதால் அதே அறையில் ஐஎஸ்ஓ 4000 தாண்டும். ஏபிஎஸ்-சி கணக்கில் அது 13,000. அதாவது அந்த நீண்ட ஸூம் வெயில் இருக்கும்வரைதான். மேடை நிகழ்ச்சியைக் கடைசி வரிசையிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்து இதை வாங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி ஐந்திலும் உண்டு: ஜிஆரிலும் ஃபூஜியிலும் சென்சார் அசைகிறது, மற்ற மூன்றிலும் லென்ஸ். 1/15 நொடியில்கூடக் கட்டடம் கூர்மையாக வரும். குழந்தை வராது. எதிரில் இருப்பவர் அசைந்தால் அந்த வசதியால் எதுவும் செய்ய முடியாது. 1/125 தேவை, ஓடினால் 1/500.

ஃபோகஸ்: சோனி ஒரு பக்கம், மற்ற நான்கும் ஒரு பக்கம்

ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் 357 ஃபேஸ் டிடெக்ட் புள்ளிகள் (லென்ஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று நேரடியாகக் கணிப்பவை), கண்ணைப் பிடித்துத் தொடரும் வசதி, நொடிக்கு 20 படம். ஓடும் நாய், ஊஞ்சலில் ஆடும் பிள்ளை என்றால் இந்த ஐந்தில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். கேனன் கான்ட்ராஸ்ட் முறையை மட்டுமே நம்புகிறது. அது சரியான இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் நிலைக்கும். வீடியோவில் பின்னணி ஒரு கணம் ஊசலாடுவது அதனால்தான். ஃபூஜி ஆட்களையும் விலங்குகளையும் அடையாளம் காணும், ஆனால் லென்சை நகர்த்தும் மோட்டார் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

ஜிஆரின் ஆட்டோஃபோகஸ் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும். அதைச் சொல்லிவிட்டு, அதன் ஸ்னாப் ஃபோகஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது முழு உண்மை ஆகாது. தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு, பொத்தானை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்தினால், ஃபோகஸ் தேடும் நேரமே இல்லாமல் படம் விழும். ஜிஆர் 3-இல் எஃப் 8, 2 மீட்டர் என்று வைத்தால் சுமார் 1 மீட்டரிலிருந்து அடிவானத்துக்கு அருகே வரை கூர்மை கிடைக்கும். எஃப் 5.6, 2.5 மீட்டர் என்றால் 1.4 முதல் 15 மீட்டர் வரை. தெருவில் இது தாராளமாகப் போதும்.

40 மி.மீ. கோணம் கொண்ட ஜிஆர் 3 எக்ஸ் வாங்க நினைப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அதன் லென்ஸ் 26.1 மி.மீ.; எஃப் 8, 2.5 மீட்டர் வைத்தாலும் 1.6 முதல் 6 மீட்டர் வரைதான் கூர்மை. ஸ்னாப் ஃபோகசுக்காகவே ஜிஆர் என்றால் 28 மி.மீ. மாடல். முகங்கள், சாப்பாட்டு மேசை, பொருள்கள் என்றால் எக்ஸ். 28-இல் அருகில் போனால் மூக்கு பெரிதாகும், எக்ஸில் அந்தத் தொல்லை குறைவு.

ஒவ்வொன்றும் எங்கே சறுக்கும்

ஜிஆர் 3-இன் முதல் எதிரி தூசி. லென்ஸ் குழாய் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. பையில் இருக்கும் நூல்துகளும் கூடவே போகும். அது சென்சாரில் ஒட்டினால் எஃப் 8-க்கு மேல் வானத்தில் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். மெனுவில் சென்சாரை உதறித் தூசி தள்ளும் வசதி இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். போகாவிட்டால், லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் சர்வீஸ்தான். மெல்லிய உறையில் போட்டு, சாவியும் கைக்குட்டையும் இல்லாத பையில் வைப்பது ஒன்றே தடுப்பு. இரண்டாவது, பேட்டரி. தொழிற்சாலைக் கணக்கே 200 படம்தான். உபரியாக இரண்டு பேட்டரி இல்லாமல் ஒரு முழு நாள் ஓடாது. ஃபிளாஷ் இல்லை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, திரை திரும்பாது, வீடியோ 1080-இல் நின்றுவிடும். இத்தனை 'இல்லை'களுக்கும் ஈடாகக் கிடைப்பது 0.8 நொடியில் விழித்தெழும், ஒரு கையால் முழுவதும் இயக்கக்கூடிய, ஓரம் வரை கூர்மையான ஒரு கருவி. 2025-இல் வந்த ஜிஆர் 4 பேட்டரியையும் நிலைப்படுத்தலையும் மேம்படுத்தி, உள்நினைவகத்தை 2 ஜிபியிலிருந்து 53 ஜிபிக்கு உயர்த்தியது. ஆனால் கார்டு மைக்ரோஎஸ்டி ஆகிவிட்டது. பழைய கார்டுகள் உதவாது.

சோனியின் உடல் வழுக்கும். ஒட்டுப் பிடி ஒன்றை முதல் நாளே ஒட்டிவிடுவது நல்லது. சார்ஜ் செய்யும் துளை இன்னும் பழைய மைக்ரோ யூஎஸ்பி. மார்க் 5 வரை இருந்த, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை மார்க் 6-இலிருந்து எடுத்துவிட்டார்கள்; நண்பகலில் வீடியோ எடுப்பவர்களுக்கு அது இடிக்கும். 4கே எடுக்கும்போது சூட்டினால் சீக்கிரம் அணைந்தால், மெனுவில் தானாக அணையும் வெப்ப அளவை 'உயர்' என மாற்றுங்கள். இருட்டுக்குத்தான் சோனி வேண்டும் என்றால் 24–70, எஃப் 1.8–2.8 லென்ஸ் கொண்ட பழைய மார்க் 5ஏ, மார்க் 7-ஐவிடப் பொருத்தம். எண் பெரிதாக இருப்பதால் எல்லா விதத்திலும் மேல் என்று இல்லை.

கேனனின் பலம் மேலே மடங்கித் தன்னைத் தானே பார்க்க உதவும் திரை, மைக் துளை, தூக்கி நிற்கும் ஃபிளாஷ், மூன்று ஸ்டாப் என்டி. பேசிப் படம் பிடிப்பவர்களுக்கும் நண்பர்கள் கூடும் இடத்தில் ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களுக்கும் இதுதான். 4கே ஒரு தடவைக்கு 10 நிமிடத்துக்கு மேல் ஓடாது. யூஎஸ்பி-சி இருந்தாலும் பவர் டெலிவரி வகை சார்ஜர் இல்லாவிட்டால் சார்ஜ் ஏறாது. கேமரா பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதற்கு முன் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

ஃபூஜியைப் பற்றி எழுதப்படுவதில் பாதி அதன் அழகைப் பற்றியது. அழகை ஒதுக்கிவிட்டாலும் மீதி நிறைய இருக்கிறது: ஒளியியல், மின்னணு இரண்டும் சேர்ந்த வியூஃபைண்டர், நான்கு ஸ்டாப் என்டி, லென்சுக்குள்ளேயே இருந்து அதிகச் சத்தம் போடாத லீஃப் ஷட்டர், பழைய ஃபிலிம்களின் நிறத்தைத் தரும் 20 ஃபில்ம் சிமுலேஷன். சுட்டெரிக்கும் வெயிலில் எஃப் 2, ஐஎஸ்ஓ 125 வைத்தால் 1/10000 நொடி வேண்டும். லீஃப் ஷட்டரின் உச்சம் 1/4000. என்டியைப் போட்டால் 1/640-க்கு இறங்கும், பின்னணியும் மங்கும். ஒரு மீட்டருக்குள் எடுக்கும்போது ஒளியியல் ஃபைண்டரில் தெரிவதும் படத்தில் விழுவதும் விலகும், மின்னணுவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழைத் தாங்கு திறன் அட்டைப்பெட்டியோடு வருவதில்லை. ஏஆர்-எக்ஸ்100 வளையமும் 49 மி.மீ. ஃபில்டரும் மாட்டினால்தான் லென்ஸ் முன்பக்கம் அடைபடும். 40 மெகாபிக்சல் சின்ன அசைவையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், நடந்துகொண்டே எடுப்பவர்கள் 1/250-க்குக் கீழே போகாமல் இருப்பது உத்தமம்.

பானசோனிக் 2018-இல் வந்தது. அட்டவணையில் இரண்டாம் இடம், ஸூம் உண்டு, கண் வைத்துப் பார்க்கும் ஃபைண்டர் உண்டு, எஃப் எண்ணை மாற்றும் அப்பர்ச்சர் வளையம் உண்டு. ஆனாலும் பேச்சில் அடிபடுவதில்லை. 64 மி.மீ. தடிமனும் நீண்டு சுருங்கும் லென்ஸும் அதைப் பைக்கும் தோள்வாருக்கும் நடுவில் தொங்கவிட்டுவிட்டன. தூசிப் பிரச்சினை இதிலும் உண்டு. பயன்படுத்தியதாகக் கிடைத்தால், ஸூம் வேண்டும் ஆனால் இருட்டையும் விடமாட்டேன் என்பவர்களுக்கு இதைவிட வேறு ஒன்றைக் காட்டுவது கடினம்.

தண்ணீர், மணல், மலையேற்றம் என்றால் இந்த ஐந்துமே ஆகாது. ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். சென்சார் மிகச் சிறிது, உள்ளறைப் படங்கள் போனைவிடப் பெரிதாக மேல் இருக்காது.

வாங்கியதும் மாற்ற வேண்டியவை

தொழிற்சாலை அமைப்பில் இவை 1/30 நொடிக்கு இறங்கிப் படத்தைக் குழப்பும். ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சத்தை ஒரு அங்குல சென்சாரில் 3200, ஏபிஎஸ்-சியில் 6400 என்று கட்டுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கான குறைந்தபட்ச ஷட்டரை ஜிஆர், சோனி, ஃபூஜி மூன்றிலும் 1/125 ஆக்குங்கள். கேனனில் ஆட்கள் இருக்கும்போது டிவி முறையில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) 1/125 வைப்பது நேர்வழி. ஒரு அங்குல சென்சாரில் எஃப் 5.6-ஐத் தாண்ட வேண்டாம், ஒளி விளிம்பில் சிதறி எஃப் 11-இல் படம் மழுங்கும். மெமரி கார்டு விஷயத்தில் ஐந்துமே யூஎச்எஸ்-1 வேகத்தோடு நின்றுவிடுபவை. விலை உயர்ந்த யூஎச்எஸ்-2 கார்டு வாங்குவது வீண், வி30 என்று குறித்த கார்டு போதும்.

பயன்படுத்தியது வாங்கினால்

இவற்றில் பல இப்போது கைமாறித்தான் கிடைக்கும். லென்சைப் பத்துத் தடவை திறந்து மூடிக் கேளுங்கள். அரைபடும் ஓசை வந்தால் உள்ளே மணல். லென்சை மூடும் இதழ்கள் முழுவதும் சேர்கின்றனவா என்று பாருங்கள். ஃபோகசை விலக்கிவிட்டு வெள்ளைச் சுவரை ஜிஆரிலும் எல்எக்ஸிலும் எஃப் 16-இல், மற்றவற்றில் எஃப் 11-இல் எடுத்துப் பெரிதாக்கினால் தூசி தெரிந்துவிடும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை நேராக வைத்து, ஸூமின் இரு முனையிலும் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்தக் கேமரா எப்போதோ கீழே விழுந்து, லென்ஸ் மையம் விலகியிருக்கிறது, மெனுவால் சரியாகாது. சோனியில் மேலெழும் ஃபைண்டரைப் பலமுறை தூக்கி இறக்குங்கள். பேட்டரி கூட்டிலிருந்து தானாக வழுக்கி வராமல் சிக்கினால் உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடாமல் புதியது வாங்குங்கள்.